இருபத்தேழுக்கு ஆறு

ஜனவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

இனி நான் எழுதும் கடிதங்களில் நடந்ததை நடந்தபடியே பதிவு செய்வேன். எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். போனில் நீங்கள் "எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்கிறீர்கள், நான் "ம்" என்கிறேன். அதற்குள் கப்பலில் போனுக்காக உங்களுக்கு அடுத்து நிற்பவர் இரும ஆரம்பித்துவிடுகிறார். அதனால்தான் கடிதம். "இங்கு அனைவரும் நலம்" என்று தொடங்க வேண்டும் என எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அனைவரும் என்று எழுதக் கை வரவில்லை. நான் நலம். உங்கள் முதுகு வலி குறைந்ததா?

தம்பி நம்மை விட்டுப் போய் நான்கு மாதம் ஆகிறது. அம்மா இன்னும் வேலைக்குப் போகவில்லை. சமையலறையில் குழாய்க்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நாளைக்கு எத்தனை சொற்கள் பேசுகிறாள் என்று குறித்துப் பார்த்தேன். திங்கட்கிழமை பதினொன்று. செவ்வாய்க்கிழமை நான்கு, அதில் மூன்று "ம்". பேருந்து நிலையத்தில் நாள் முழுக்க மைக்கில் அறிவிப்புச் சொன்ன அம்மாவா இது என்று இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் அம்மா குரலைக் கேட்டுத்தான் பேருந்து ஏறினார்கள். இப்போது அங்கே பதிவு செய்த குரல் ஒன்று ஓடுகிறது. அது மூன்றாம் நடைமேடை என்று சொல்லும், பேருந்து ஐந்தாம் நடைமேடையில் நிற்கும்.

நேற்று அம்மாவை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் நல்லவர். "இதுக்கு மாத்திரை மட்டும் போதாதும்மா. உட்கார்ந்து பேசணும். வாரம் ஒரு மணி நேரம். அதுக்குன்னு படிச்சவங்க இங்கேயே இருக்காங்க, காசு கிடையாது" என்று சீட்டு எழுதித் தந்தார். ஏழாம் கவுண்டரில் கண்ணாடியை நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒருவர் அதை வாங்கிக்கொண்டார்.

"எப்ப கூப்பிடுவீங்க?"

"வரிசை வரும்போது."

"வரிசை எப்ப வரும்?"

"கூப்பிடும்போது தெரியும்மா."

மாவட்டம் முழுவதற்கும் ஆலோசகர் ஒருவர்தானாம். பரவாயில்லை அப்பா, நமக்குத் தேவையும் ஒருவர்தானே. அந்த அறையில் அம்மா ஒரு மணி நேரம் பேசிவிட்டால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க மறக்காதீர்கள்.

உங்கள் மகள்


பிப்ரவரி 6

வாத்தியாரம்மாவுக்கு அப்பா எழுதறது.

சௌக்கியம்தான். முதுகு அது பாட்டுக்கு இருக்கு, நான் என் பாட்டுக்கு இருக்கேன். நான் பேசற மாதிரியேதான் எழுதுவேன், சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்பிடாதே.

உன் கடிதம் துறைமுகத்துல கிடைச்சுது. இயந்திர அறையில வச்சுப் படிச்சேன். அங்கே இருக்கிற சூட்டுல காகிதம் அப்பளமா சுருண்டுபோச்சு. டாக்டர்கிட்ட நீயே கூட்டிப்போனது பெரிய காரியம். எங்க கப்பல்ல ஒரு வால்வு மாத்தணும்னாலே மூணு படிவம், நாலு கையெழுத்து. அரசாங்கத்துல கேட்கணுமா? விடாம போய்க் கேட்டுக்கிட்டே இரு. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

மாடியில தண்ணித் தொட்டி மூடி சரியா இருக்கா? உன் செருப்பு அறுந்துபோச்சுன்னு சொன்னியே, வாங்கிட்டியா? அம்மா சாப்பிடறாளா? என்ன சாப்பிடறா, எவ்வளவு சாப்பிடறான்னு எழுது. ஜூன் கடைசியில என் ஒப்பந்தம் முடியும். வந்துடுவேன்.

நல்லாப் படி. பனியில அலையாதே.

அப்பா


பிப்ரவரி 27

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். சளி பிடித்து விட்டுவிட்டது. அம்மா காலையில் அரைத் தட்டு, இரவில் ஒரு கை. செருப்பு வாங்கிவிட்டேன். தொட்டி மூடி அப்படியே இருக்கிறது. உங்கள் முதுகு "அது பாட்டுக்கு" இருப்பது எனக்குப் போதுமான விவரம் இல்லை.

இப்போது நல்ல செய்தி. ஏழாம் கவுண்டரிலிருந்து கடிதம் வந்துவிட்டது! மார்ச் ஐந்தாம் தேதி மதிப்பீடு. அதில் தேறினால்தான் ஆலோசகரிடம் அனுப்புவார்களாம். மொத்தம் ஒன்பது கேள்விகள். அவற்றைக் கடிதத்தோடு இணைத்தே அனுப்பிவிட்டார்கள். கேள்வித்தாளை முன்கூட்டியே கொடுக்கும் தேர்வை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆனால் அம்மா பேச வேண்டுமே. கேள்வியைப் படித்தால் சுவரைப் பார்க்கிறாள். மூன்று நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளர் துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுப்பார், அம்மா ஒரு முறை பார்த்துவிட்டு மைக்கில் சொல்லுவாள், இல்லையா? அதேபோல ஒன்பது துண்டுச் சீட்டில் ஒன்பது பதில் எழுதி வரிசையாக முன்னால் வைத்தேன். அப்பா, அம்மா படித்தாள்! நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, பழைய குரலில் படித்தாள். "தூக்கம் வருகிறது. சில நாட்கள் மட்டும் சிரமம்." கீழே தையல்கடை அக்கா மெஷினை நிறுத்திவிட்டு மேலே ஓடிவந்து, "உங்கம்மாவா பேசினாங்க?" என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

பதில்களை நான்தான் எழுதினேன். அம்மா பொறுப்பானவள், ஒத்துழைப்பவள், இவளுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் வீணாகாது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஒன்பதாவது கேள்வி, உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா என்பது. அதற்கு "ஒருநாளும் இல்லை" என்று எழுதினேன். எழுதும்போது அம்மாவிடம் கேட்கவில்லை.

வேலைச் சீருடையைத் துவைத்துத் தேய்த்து வைத்திருக்கிறேன். அதில்தான் கூட்டிப்போகப் போகிறேன்.

கடலில் காற்று எப்படி? ஈரத் துணியோடு தூங்காதீர்கள்.

உங்கள் மகள்


மார்ச் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? நான் நலமாக இல்லை. காய்ச்சல் எதுவும் கிடையாது.

நேற்று மதிப்பீடு முடிந்தது. கணினி முன் ஒரு அக்கா உட்கார்ந்து கேட்டார். அம்மா ஒன்பது பதிலையும் ஒரு தடுமாற்றம் இல்லாமல் சொன்னாள். சீட்டுகளை நாங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டோம், அம்மாவுக்கு மனப்பாடம். கணினி அக்கா சிரித்து, "எவ்வளவு தெளிவா பேசறீங்க! ரேடியோவுல வேலை பாக்கறீங்களா?" என்று கேட்டார். என் தோளில் இத்தனை நாளாக இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. ஒரு தாளை அச்சிட்டுத் தந்தார். இருபத்தேழுக்கு ஆறு என்று இருந்தது.

நான் ஏழாம் கவுண்டரில் கொடுத்து, "குறைஞ்ச மார்க்கா?" என்று கேட்டேன்.

"நல்ல மார்க்கும்மா. எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்."

"அப்ப எப்ப அனுப்புவீங்க?"

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "பதினஞ்சுக்கு மேல வந்தாத்தான் முதல் வரிசை. ஆறுன்னா பொது வரிசை. அதுல ஒரு வருஷம் ஆகும். அதுக்குள்ளே சரியாயிடுவாங்க, கவலைப்படாதே."

அப்பா, நான் அம்மாவைத் தேர்ச்சி பெற வைத்துவிட்டேன். தோற்றால்தான் உள்ளே விடுவார்கள் என்று கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை. மறுபடி மறுபடி படித்துப் பார்த்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சீருடையோடு முக்காலியில் உட்கார்ந்தாள். இன்னும் மாற்றவில்லை.

உங்கள் மகள்


ஏப்ரல் 2

வாத்தியாரம்மாவுக்கு,

சௌக்கியம். உன்னோட பிப்ரவரி கடிதம் இப்பத்தான் கையில கிடைச்சுது. மதிப்பீடு முடிஞ்சிருக்கும். எப்படிப் பண்ணினா அம்மா? கேட்கவே வேண்டாம், நீ பாடம் எடுத்தா கல்லும் பாஸாகும். துண்டுச் சீட்டு யோசனையைக் கப்பல்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். சமையல்காரர் சொன்னார், "உன் பொண்ணை இங்கே அனுப்பு, நம்ம கேப்டனுக்கும் பேசக் கத்துக்கொடுக்கட்டும்"னு.

அவ குரல் வந்துடுச்சுன்னு படிச்சப்ப, ராத்திரி ஷிப்டு முடிஞ்சு படுத்தும் தூக்கமே வரலை, சந்தோஷம்தான். பார்த்தியா, நான் சொல்லலை? இனி எல்லாம் நேராயிடும். அம்மாவைச் சிரிச்ச முகமா வச்சுக்கோ. ஆலோசகர்கிட்ட போறப்பவும் அந்தச் சீருடையையே போடச் சொல்லு, நல்ல யோசனை.

வெயில்ல குடை எடுத்துக்கோ.

அப்பா


ஏப்ரல் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் சந்தோஷக் கடிதம் கிடைத்தது. நமது கடிதங்கள் நடுக்கடலில் ஒன்றையொன்று பார்க்காமல் கடந்துவிட்டன. என் மார்ச் கடிதம் இந்நேரம் கிடைத்திருக்கும். நான் நலம். அம்மா காலையில் கால் தட்டு. இரவில் இல்லை.

மறு மதிப்பீடு கேட்டுப் போனேன். அதற்கு டாக்டரின் புதுச் சீட்டு வேண்டுமாம். நல்ல டாக்டர் வேறு ஊருக்கு மாறிப்போய்விட்டார். புது டாக்டர் ஆறு என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, "அம்மா நல்லாத்தானே இருக்காங்க" என்றார். அம்மா அவருடைய மேஜைக்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உண்மையைச் சொன்னேன். பதில்கள் அம்மாவுடையவை அல்ல, நான் எழுதிக்கொடுத்தவை என்றேன்.

"நீயா? எத்தனாவது படிக்கிறே?"

"ஒன்பதாவது."

"கெட்டிக்காரிதான். அரசாங்கத்துக்கே பிட்டு எழுதிக் கொடுத்திருக்கே!" என்று சிரித்தார். வெளியே நின்ற நர்ஸும் சிரித்தார். ஆனால் சீட்டு எழுதிக்கொடுத்துவிட்டார்.

இந்த முறை முதலில் போனில் கூப்பிடுவார்களாம். காலை ஒன்பதிலிருந்து மாலை நான்குக்குள் எப்போது வேண்டுமானாலும். இரண்டு முறை பதில் இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். தம்பி போன அன்று தையல்கடை அக்கா பேருந்து நிலையத்துக்கு போன் செய்து சொன்னாரே, அதிலிருந்து அம்மா போனைத் தொடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு போன் அனுமதி இல்லை. அதனால் தையல்கடை அக்காவின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். மணி அடித்தால் மேலே ஓடிவந்து அம்மா கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. கேட்கலாமா என்று தெரியவில்லை. உங்கள் இரண்டு கடிதங்களிலும் தொட்டி மூடி இருக்கிறது, செருப்பு இருக்கிறது, குடை இருக்கிறது. தம்பி என்ற சொல் இல்லை. ஏன் அப்பா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


ஜூன் 14

வாத்தியாரம்மாவுக்கு,

சௌக்கியம். இடையில எழுத முடியலை, வேலை ஜாஸ்தி. அந்த மார்க் விஷயத்துக்கு நீ வருத்தப்படாதே. உன்மேல ஒரு தப்பும் இல்லை.

ஒப்பந்தத்தை இன்னும் நாலு மாசம் நீட்டிக்கச் சொல்லிக் கேட்டாங்க. கையெழுத்துப் போட்டுட்டேன். அம்மாகிட்ட மெதுவா சொல்லு.

தொட்டி மூடிக்கு ஒரு கல் தூக்கி வை, காத்துல பறந்துடும்.

நீ கேட்டதுக்கு அப்புறம் எழுதறேன்.

அப்பா


ஜூலை 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். "கேட்டாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். முடியாது என்று நீங்களும் சொல்லியிருக்கலாமே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்ததை எழுதிவிட்டேன். அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். "ம்" என்றாள்.

போன் வந்தது. போன செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு. தையல்கடை அக்கா ஊசியை வாயில் கவ்வியபடியே மேலே ஓடியிருக்கிறார். அம்மா கையில் போனை வைத்து, காதில் சேர்த்துப் பிடித்து, "பேசுங்க, பேசுங்க" என்று கெஞ்சியிருக்கிறார். அம்மா கீழே வைக்கவில்லை. காதிலேயே வைத்திருந்தாளாம். அந்தப் பக்கம் "ஹலோ... ஹலோ... கேட்குதா?" என்று நாலு தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை. அதே கதை. அக்கா போனைப் பிடுங்கி, "இருங்க, அவங்க இங்கேதான் இருக்காங்க, பேச மாட்டாங்க, அதுக்குத்தானே உங்ககிட்ட வர்றாங்க" என்று கத்துவதற்குள் இணைப்பு போய்விட்டது. என்னிடம் சொல்லும்போது அக்கா அழுதார். "நான் ஊசியைத் துப்பிட்டு முதல்லயே வாங்கிப் பேசியிருக்கணும் பாப்பா" என்றார்.

நான் ஏழாம் கவுண்டருக்கு ஓடினேன். கண்ணாடிக்காரர் திரையைத் திருப்பிக் காட்டினார். பதில் இல்லை, பதில் இல்லை, நீக்கப்பட்டது. பேச முடியாதவர்களுக்கான வரிசையில் பேசவில்லை என்று பெயரை எடுத்துவிட்டீர்களே என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

"நான் எடுக்கலைம்மா. ரெண்டு பதிவு விழுந்தா அதுவே எடுத்துடும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வியாழக்கிழமை வியாழக்கிழமை ஆலோசகர் வருவாங்க. கடைசியில யாராச்சும் வராம போறது உண்டு. அம்மாவைக் கூட்டிட்டு வந்து அந்தப் பெஞ்சுல உட்காரு. வாய்ப்பிருந்தா பார்க்கலாம். நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார்.

நாளை வியாழக்கிழமை. மதியம் பள்ளிக்கு விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் "குடும்ப வேலை" என்று எழுதினேன்.

நீங்கள் "அப்புறம்" என்று சொன்னதற்காகக் காத்திருக்கிறேன்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 20

பாப்பா,

நீ கேட்டதுக்கு இந்தக் கடிதத்தை ஆறு தடவை எழுதிக் கிழிச்சேன். இது ஏழாவது.

தம்பிக்குக் காய்ச்சல் வந்த ரெண்டாம் நாள் காலையில அம்மா எனக்கு போன் பண்ணினா. "உடம்பு கொதிக்குது, இன்னிக்கும் லீவு போடட்டுமா?"ன்னு கேட்டா. நான் தூக்கக் கலக்கத்துல இருந்தேன். "சின்னப் பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் வராதா? கீழே அக்காகிட்ட விட்டுட்டுப் போ. சும்மா சும்மா லீவு போட்டா என்ன நினைப்பாங்க?"ன்னு சொன்னேன். அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூடப் பேசலை. மதியம் எல்லாம் முடிஞ்சுபோச்சு.

அவ அதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை. என்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. நீ நான் சொன்ன மாதிரி அவளைப் பேசவைக்க அலையறே. அவ பேச ஆரம்பிச்சா முதல்ல இதைத்தான் பேசுவான்னு நான் பயந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நாலு மாசம் நீட்டிக்கச் சொல்லி யாரும் கேட்கலை. நான்தான் போய்க் கேட்டேன்.

இதை அம்மாகிட்டப் படிச்சுக் காட்டறதா வேண்டாமான்னு எனக்குத் தெரியலை. கிழிச்சுப் போடணும்னு தோணினா கிழிச்சுப் போடு.

சாப்பிடு.

அப்பா


செப்டம்பர் 12

அப்பா,

உங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. நீங்கள் சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை, எழுதுங்கள்.

நேற்று அம்மா பேசினாள். அதற்குப் பிறகு இன்று மாலைவரை எதுவும் பேசவில்லை. என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று எங்களுக்குப் பத்தாவது வியாழக்கிழமை. அந்தப் பெஞ்சில் எந்தப் பலகை ஆடும் என்பதுகூட எனக்குத் தெரியும். மூன்று இருபதுக்கு வர வேண்டியவர் வரவில்லை. ஆலோசகர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். சின்ன வயதுதான். காலையிலிருந்து பேசிப் பேசிக் குரல் கட்டியிருந்தது. கண்ணாடிக்காரர் எங்களைத் தாடையால் காட்டினார். "வாங்கம்மா" என்றார் ஆலோசகர். நான் கையைப் பிடிப்பதற்குள் அம்மா தானாகவே எழுந்தாள். தானாகவே உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா, இந்த ஒரு வருடத்தில் நான் பார்த்ததிலேயே அதுதான் பெரிய விஷயம்.

ஆலோசகர் எங்கள் எண்ணைத் தட்டினார். திறக்கவில்லை. மறுபடி தட்டினார். கண்ணாடிக்காரர் வந்து தட்டினார். நீக்கப்பட்ட எண்ணைத் திறக்க மேலிடத்து அனுமதி வேண்டுமாம். மேலிடத்துக்கு போன் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இருபது நிமிடம் இப்படியே போனது. அம்மா கைகளை மடியில் வைத்துக் காத்திருந்தாள்.

"எதையும் எழுத வேண்டாம் மேடம். கேட்டாப் போதும்" என்றேன்.

ஆலோசகர் கணினியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "எழுதறது மட்டும் பிரச்சினை இல்லைம்மா. அடுத்த வாரம்தான் எனக்கு இங்கே கடைசி. இவங்க மனசை இன்னிக்குத் திறந்துவிட்டுட்டு அப்படியே விட்டுட்டுப் போகக்கூடாது. அது இதைவிட மோசம்."

"அப்புறம் யார் வருவாங்க?"

"இன்னும் யாரையும் போடலை."

"எப்ப போடுவாங்க?"

அவர் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் கணினியை அணைத்தார். நான்கு மணி ஆகிவிட்டது.

வெளியே வந்ததும் அம்மா வீட்டுப் பக்கம் நடக்காமல் திரும்பவும் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். கவுண்டர்களின் கதவுகளை இறக்கினார்கள். அப்போதுதான் அம்மா பேசினாள். மைக் குரல் இல்லை. எனக்கே தெரியாத ஒரு குரல்.

"அன்னிக்குக் காலையில அவன் என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு விடலை."

நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "அப்பாதான் போகச் சொன்னேன்னு எழுதியிருக்கார்மா."

அம்மா இல்லையென்று தலையசைத்தாள். "அவர் சொல்லலைன்னாலும் போயிருப்பேன். முதல் நாள் பூரா அவன்கூட அந்த அறையிலேயே இருந்தேன். அவன் அழறதைக் கேட்க முடியலை. மைக் முன்னால போய் உட்கார்ந்தாப் போதும்னு இருந்துச்சு. அவர்கிட்ட சும்மா கேட்டேன், போகச் சொல்லுவார்னு தெரிஞ்சுதான் கேட்டேன். அவன் விரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சு எடுத்துட்டுப் போனேன் பாப்பா."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். என் இடத்தில் அதற்கென்று படித்த ஒருவர் இருந்திருக்க வேண்டும். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எவ்வளவோ யோசித்தேன். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

"சரிம்மா" என்றேன்.

அது தவறான பதில் என்று சொன்ன உடனே தெரிந்தது. அம்மா என் முகத்திலிருந்து கண்ணை எடுத்து, எதிரே இருந்த மூடிய கவுண்டரைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். பிடிக்க விட்டாள், அவள் பிடிக்கவில்லை.

சாவிக்கொத்தோடு காவலாளி வந்து, "கிளம்புங்கம்மா, பூட்டணும்" என்றார். அம்மா எழுந்தாள். நாங்கள் நடைவழியில் பாதி தூரம் வந்திருந்தபோது அவர் விளக்குகளை அணைத்துவிட்டார்.